பகல் நமக்கு, இரவு ஆமைக்கு

மே மாத இறுதியில் பள்ளி விடுமுறை தொடங்கியதும் மலாக்காவின் தஞ்சோங் பிடாரா கடற்கரையில் கூடாரங்கள் முளைக்கத் தொடங்கிவிடும். பாசார் மாலாம் கடைகளில் பார்க்கும் அதே நான்கு கால் கெனோபிகள், இரண்டு நிமிடத்தில் விரியும் சிறிய கூடாரங்கள், மரத்துக்கு மரம் கட்டிய நீலத் தார்ப்பாய்கள் என்று கரையே ஒரு சந்தை போல ஆகிவிடும். அதே வாரங்களில், அதே கரைக்கு இன்னொரு விருந்தாளியும் வருகிறது. இருட்டிய பிறகு, சத்தமில்லாமல், தனியாக வரும். அதனால்தான் அப்படி ஒன்று வருவதே நம்மில் பலருக்குத் தெரியாது.

கடலாமை என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது திரெங்கானு. பள்ளிப் பாடநூலும் அதைத்தான் சொல்லிக் கொடுத்தது. ஆனால் தீபகற்ப மலேசியாவில் அழுங்காமை மிக அதிகமாக முட்டையிடுவது மலாக்காவில்தான். ஆண்டுதோறும் மார்ச் முதல் செப்டம்பர் வரை சில நூறு கூடுகள் இங்கே பதிவாகின்றன. தஞ்சோங் பிடாராவிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், பெங்காலான் பாலாக்கை ஒட்டிய பாடாங் கெமுந்திங்கில் மீன்வளத் துறையின் ஆமைப் பாதுகாப்பு மையம் இருக்கிறது. நான் அந்த வட்டாரத்தில் வளர்ந்தவள். அந்த மையத்தின் பெயர்ப்பலகையைக் கடந்து நூறு முறையாவது காரில் போயிருப்போம். எங்கள் காரின் பின்னால் எப்போதும் ஒரு கெனோபி இருக்கும்.

இந்தக் கட்டுரை அந்தக் கெனோபியையும் அந்த ஆமையையும் பற்றியது. இரண்டுக்கும் ஒரே மணலில் இடம் உண்டா என்ற கேள்வியோடு இந்த விடுமுறையில் கரையில் பலரிடம் பேசிப் பார்த்தேன்.

செதில் போட்ட ஆமை

தமிழில் அழுங்கு என்றால் உடல் முழுவதும் செதில் கொண்ட எறும்புண்ணி. ஓட்டின் மேல் கூரை ஓடு வேய்ந்தது போல் தகடுகள் ஒன்றின் மேல் ஒன்று படிந்திருப்பதால் மன்னார் வளைகுடா மீனவர்கள் இந்த ஆமையை அழுங்காமை என்றார்கள். மலாய்க்காரர்கள் பென்யூ சிசிக் என்கிறார்கள். சிசிக் என்றாலும் செதில்தான். இரு மொழிக்காரர்களும் ஒரே அடையாளத்தைப் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தத் தகடுகளின் அழகே அதற்கு எமனாகவும் ஆனது. சீப்பு, கண்ணாடிச் சட்டம், நகைப்பெட்டி செய்வதற்காக நூற்றாண்டுக் கணக்கில் வேட்டையாடப்பட்டு, இன்று உலக அளவில் அற்றுப்போகும் பேராபத்தில் உள்ள உயிரினங்களின் பட்டியலில் நிற்கிறது.

மலாக்காவில் முட்டையிட்ட ஆமைகளின் முதுகில் செயற்கைக்கோள் கருவி பொருத்திப் பார்த்தபோது, அவற்றில் பல இந்தோனேசியாவின் ரியாவ் தீவுகளை நோக்கி, சிங்கப்பூரை ஒட்டிய கடல் வழியாக நீந்திச் சென்றது தெரியவந்தது. கடப்பிதழ் இல்லாமல் மூன்று நாட்டுக் கடலைப் பயன்படுத்தும் பயணி என்று சொல்லலாம். முட்டையிட மட்டும் தான் பிறந்த வட்டாரத்துக்கே திரும்பி வருகிறது. அதுவும் ஆண்டுதோறும் இல்லை, இரண்டு முதல் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறைதான். வந்த பருவத்தில் ஏறக்குறைய இரண்டு வார இடைவெளியில் மூன்று, நான்கு முறை கரையேறும். ஒவ்வொரு முறையும் நூறுக்கும் மேற்பட்ட முட்டைகள் இடும். பொரித்து வரும் குஞ்சுகளில் ஆயிரத்துக்கு ஒன்றுதான் பெரிய ஆமையாகும் என்று ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். அந்த ஒன்றும் முட்டையிடும் வயதை எட்ட 20 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். இன்று மணலில் ஏறும் ஒரு தாய், நம்மில் பலரைவிட மூத்தவள்.

நம் கதைக்கு மிக முக்கியமான ஒரு பழக்கம் அழுங்காமைக்கு உண்டு. அது திறந்த மணலில் முட்டையிட விரும்புவதில்லை. கரையின் மேல்பகுதிக்கு ஏறி, அடம்பங்கொடி, தாழைப் புதர், மரத்தடி என்று செடிகொடிகளை ஒட்டிய இடத்தைத் தேடும். அலை எட்டாத, நிழல் விழும், மணல் இறுகி நிற்கும் இடம். கூடாரம் போட நாம் தேடுவதும் சரியாக இதே இடத்தைத்தான். என் பெரியப்பா கரையில் இறங்கியதும் சொல்லும் முதல் வார்த்தை, "மேல போ, மரத்துகிட்ட போ, தண்ணி ஏறாது" என்பதுதான்.

பின்னால் நகரத் தெரியாது

கடலாமையின் முன்னங்கால்கள் துடுப்புகள். தண்ணீரில் அவற்றுக்கு நிகரில்லை. மணலிலோ ஒவ்வொரு அடியும் பாரம் இழுப்பது போலத்தான். முன்னால் தவழும், சுற்றி வளைந்து திரும்பும். ஆனால் காரைப் போல ரிவர்ஸ் எடுக்க அதற்கு வராது. கழற்றாமல் விட்ட கூடாரத்தின் கயிறு, மடக்கு நாற்காலியின் கால்கள், பாதி மணலில் புதைந்த தார்ப்பாய் இவற்றுக்குள் தலையை நுழைத்துவிட்டால் முன்னால் தள்ளிக்கொண்டேதான் இருக்கும். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் 2018 ஜூனில் கெம்ப் ரிட்லி ஆமை ஒன்று கடற்கரை நாற்காலி கழுத்தில் மாட்டிய நிலையில் செத்துக் கரை ஒதுங்கியது. உலகிலேயே மிக அரிய கடலாமை வகை அது.

எல்லா ஆமையும் மாட்டிக்கொண்டு சாவதில்லை. பெரும்பாலும் நடப்பது இதைவிடச் சத்தமில்லாத விபத்து. வழியில் ஒரு தடை, ஒரு வெள்ளை விளக்கு, திடீரென நகரும் ஓர் ஆள். ஆமை பாதி வழியில் திரும்பிக் கடலுக்கே போய்விடும். காலையில் மணலில் ஒரு வளைவான தடம் மட்டும் இருக்கும், கூடு இருக்காது. அன்றிரவோ அடுத்த நாளோ அது வேறிடம் தேடி மீண்டும் ஏறலாம். ஆனால் அந்த அலைச்சல் முழுவதும், வயிற்றில் முட்டையோடு அது செலவழிக்கும் சக்தி.

கூடார முளைகளைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. முட்டைக் குழியின் மேல்பகுதி ஒரு சாண் ஆழத்தில்கூட இருக்கக்கூடும். மரத்தடி மணலில் நாம் அடிக்கும் நீள முளை அதைவிட ஆழமாக இறங்கும். இருந்தாலும் மலாக்காவைப் பொறுத்தவரை இந்தப் பயத்தைப் பெரிதாக்க நான் விரும்பவில்லை. இங்கே கண்டெடுக்கப்படும் முட்டைகளில் பெரும்பகுதி பாடாங் கெமுந்திங் பொரிப்பகத்துக்கு எடுத்துச் செல்லப்படுகின்றன. முட்டையிட்ட சில மணி நேரத்துக்குள் அதைச் செய்தாக வேண்டும். தாமதித்துப் புரட்டினால் ஓட்டின் உள்பக்கம் ஒட்டிக்கொண்ட கரு சிதைந்துவிடும். ஆகவே முளையால் ஆபத்து என்பது யார் கண்ணிலும் படாமல் போன கூடுகளுக்குத்தான். அதைவிடப் பெரிய கேள்வி, தாய் ஆமை மேலே ஏறி முட்டையிட முடிகிறதா என்பது. அதைத் தீர்மானிப்பது இரவு.

பெரியம்மாவின் வாதம்

இதையெல்லாம் படித்துவிட்டு வீட்டில் பேச்செடுத்தேன். முட்டியில் வலி, இனிப்பு நீர், இரத்தக் கொதிப்பு எல்லாம் உள்ள என் பெரியம்மா புளிச்சோற்றைப் பொட்டலம் கட்டிக்கொண்டே சொன்னார்: "ஆமைக்கு நெழல் வேணாம்மா, அது ராத்திரிக்குத்தான் வருது. எனக்கு வேணுமே?"

சிரித்தாலும் யோசிக்க வேண்டிய பேச்சு அது. நண்பகலில் புற ஊதாக் குறியீடு 10ஐத் தாண்டுவது நம் நாட்டில் சாதாரணம். எட்டு மாதக் குழந்தை, எழுபது வயதுப் பாட்டி, கோழி வறுவல், ஐஸ் பெட்டி என்று முப்பது பேர் கிளம்பும் குடும்பத்துக்கு நிழல் ஆடம்பரம் இல்லை. கடலோர விடுதியில் அறை எடுக்க முடிந்தவர்களுக்குக் கூரை இருக்கிறது, குளிர்சாதனம் இருக்கிறது. நூறு ரிங்கிட் சொச்சத்துக்கு வாங்கிய கெனோபிதான் மற்றவர்களுக்கு விடுதி. "ஆமையைக் காக்கக் கூடாரத்தைத் தடை செய்யுங்கள்" என்று யாராவது கிளம்பினால், முதலில் கரையை விட்டுப் போக வேண்டியவர்கள் இவர்கள்தான். விடிய விடிய எரியும் விடுதி விளக்குகளும், மணலை அரிக்க வைக்கும் கடற்சுவர்களும் அங்கேயேதான் இருக்கும். ஒரு காலத்தில் மலாக்காவின் சிறந்த ஆமைத் தீவாக இருந்த பூலாவ் உப்பேயில் முட்டையிடும் மணலே அரித்துக் குறைந்து போனது. அதற்குக் காரணம் யாருடைய கெனோபியும் இல்லை.

கூடாரத் தடை என்பது கற்பனையும் இல்லை. அமெரிக்காவின் மர்ட்டல் பீச் நகரில் கோடை விடுமுறைக் காலம் முழுவதும் கூடாரம் போடக் கூடாது. ஒற்றைக் கம்பு வைத்த வட்டக் குடைக்கு மட்டும் அனுமதி, அதுவும் ஒன்பது அடி விட்டத்துக்குள். காரணம் ஆமை இல்லை. கூடாரங்கள் நெருங்கிப் போனதால் உயிர்காப்பாளர்களுக்குக் கடல் தெரியவில்லை, அவசர வாகனங்கள் போக வழியில்லை. மாறாக அலபாமாவின் கல்ஃப் ஷோர்ஸ், ஆரஞ்ச் பீச் நகரங்கள் வேறு வழியைப் பிடித்தன. பகலில் கூடாரம் போடலாம். சூரியன் மறைந்து ஒரு மணி நேரம் கழிந்த பிறகும் மணலில் கிடந்தால், யாருடையது என்று விசாரிக்காமல் அள்ளி அகற்றிவிடுவார்கள். காலடித் தடத்தைத் தவிர வேறெதையும் விட்டுச் செல்லாதே என்பதுதான் அத்திட்டத்தின் பெயரே.

எனக்கு இரண்டாவது வழிதான் நியாயமாகப் படுகிறது. பெரியம்மாவே அதற்கான வாதத்தை எடுத்துக் கொடுத்துவிட்டார். ஆமை இரவில் வருகிறது, நமக்கு நிழல் பகலில் வேண்டும். மோதல் இடத்துக்காக இருப்பது போலத் தெரிந்தாலும், நேரத்தைப் பிரித்துக்கொண்டால் அதன் பெரும்பகுதி தீர்ந்துவிடும். மலாக்காவில் சூரியன் ஏழேகால் மணிவாக்கில் மறைகிறது. எட்டரைக்குள் கரை காலியாக இருந்தால், அதன் பிறகு விடியும் வரை மணல் அவளுக்கு.

சிக்கல் எங்கே

சொல்வது எளிது. இரவு தங்கும் கூட்டத்தை என்ன செய்வது? வெள்ளிக்கிழமை மாலை வந்து ஞாயிறு மதியம் கிளம்பும் இளைஞர்கள், உங்களையும் என்னையும் போன்றவர்கள், ஜெனரேட்டர், எல்.இ.டி. விளக்கு, கரி அடுப்பு, கரோக்கே பெட்டி சகிதம்தான் வருகிறோம். இவர்களை எட்டரை மணிக்கு எழுப்பி அனுப்ப முடியாது. ஆனால் இடம் மாற்ற முடியும். மணலை விட்டு விலகி, சாலையோரப் புல்தரையில் கூடாரம் போட்டால் கடல் இரைச்சல் அங்கும் கேட்கத்தான் செய்கிறது. வெள்ளை விளக்குக்குப் பதில் சிவப்பு விளக்கு போதும். சிவப்பொளி ஆமையை அவ்வளவாகக் குழப்புவதில்லை. அதன் குஞ்சுகளுக்கும் இது முக்கியம். ஐம்பது, அறுபது நாள் கழித்து இரவில் மணலைப் பிளந்து வரும் குஞ்சு, எந்தப் பக்கம் வானம் வெளுத்திருக்கிறதோ அதுதான் கடல் என்று நம்பித் தவழும். இயற்கையில் அந்தக் கணக்குத் தப்பாது. நம் விளக்குகள்தான் தப்பவைக்கின்றன. குழந்தைகள் தோண்டிய இடுப்பளவுக் குழியை மூடாமல் போனால், நம் விரல் நீளமே உள்ள அந்தக் குஞ்சுக்கு அது பள்ளத்தாக்கு.

பகலிலும் ஒரு விட்டுக்கொடுத்தல் தேவைப்படுகிறது. பெரியப்பாவின் "மேல போ" என்ற கட்டளையைக் கொஞ்சம் திருத்த வேண்டும். மரத்தடியில் உட்காருவதானால் பாய் போதும், மரமே நிழல் தருகிறது. முளை அடித்துக் கெனோபி போடுவதானால் செடிகொடிகளை விட்டுத் தள்ளி, நடு மணலில் போடலாம். மணலைக் கட்டிய பையோ, ஐந்து லிட்டர் தண்ணீர்ப் புட்டியோ கால்களில் கட்டினால் முளையே வேண்டாம். போன வாரம் எங்கள் கெனோபி நான்கு தண்ணீர்ப் புட்டிகளில் நின்றது. மூன்று மணிக் காற்றுக்கு ஒரு பக்கம் தூக்கியது உண்மை. மாமா போய்க் காலைப் பிடித்துக்கொண்டார்.

முட்டைக்கும் நிழல் வேண்டும்

பெரியம்மாவிடம் ஒரே ஒரு விஷயத்தில் எனக்கு உடன்பாடில்லை. ஆமைக்கும் நிழல் வேண்டும்.

கடலாமைக் குஞ்சு ஆணா பெண்ணா என்பதைக் கருவில் முடிவு செய்வது மரபணு அல்ல, மணலின் சூடு. ஏறக்குறைய 29 டிகிரி செல்சியஸ் நடுக்கோடு. அதற்கு மேல் சூடேற ஏறப் பெண் குஞ்சுகள் கூடும், குறையக் குறைய ஆண் குஞ்சுகள் கூடும். இன்னும் அதிகமாகச் சூடேறினால் கருவே மடியும். திரெங்கானுவின் ரந்தாவ் அபாங்கில் 1956இல் 10,000க்கும் மேற்பட்ட ஏழுவரி ஆமைக் கூடுகள் பதிவாயின. 1995இல் 37. முட்டைகளைத் தின்றதும், மீன்பிடி வலைகளில் ஆமைகள் சிக்கிச் செத்ததும் இந்தச் சரிவின் பெரிய காரணங்கள். ஆனால் அங்கே ஆய்வு செய்த சான் எங் ஹெங், லியூ ஹோக் சார்க் இருவரும் இன்னொன்றையும் கண்டார்கள். நல்லெண்ணத்தோடு திறந்த வெயிலில் அமைத்த பொரிப்பகங்களில் ஏறக்குறைய எல்லாமே பெண் குஞ்சுகளாகப் பிறந்துகொண்டிருந்தன. இன்று பல பொரிப்பகங்களின் மேல் கறுப்பு வலைத்துணி கட்டியிருப்பதைப் பார்க்கலாம். ஆமை முட்டைக்குப் போட்ட கெனோபி!

அழுங்காமை மரத்தடியைத் தேடுவது ஏன் என்பதும் இங்கே புரிகிறது. கூடாரம் போடுவதற்காகப் புதரை வெட்டி, கொடியைப் பிடுங்கி, இடத்தைச் சமன் செய்யும்போது நாம் எடுத்துக்கொள்வது அந்த நிழலைத்தான். கூடாரத்தை மாலையில் மடித்துவிடலாம். வெட்டிய தாழையை மடித்து விரிக்க முடியாது.

யார் விதி போடுவது?

எஸ்.டி.பி.எம். பொதுப் பாடம் எடுக்கும் மாணவர்கள் கூட்டரசு அரசமைப்பின் ஒன்பதாவது அட்டவணையைப் புரட்டிப் பாருங்கள். மாநிலப் பட்டியலில் "ஆமைகளும் ஆற்று மீன்பிடிப்பும்" என்று ஒரு வரி இருக்கும். தற்காப்பும் கல்வியும் கூட்டரசுக்கு, ஆமை மாநிலத்துக்கு! இதனால் ஒவ்வொரு மாநிலமும் தனித்தனிச் சட்டம் வைத்திருக்கிறது. திரெங்கானு எல்லா வகை ஆமை முட்டை விற்பனையையும் முழுமையாகத் தடை செய்தது 2022இல்தான். ஆனால் மணலில் எந்த நேரம் வரை கூடாரம் நிற்கலாம் என்பது போன்ற கேள்விக்கு மாநிலச் சட்டமன்றம் வரை போகத் தேவையில்லை என்று நினைக்கிறேன். ஊராட்சி மன்றம் ஒரு பலகை வைத்து, ஒரு நேரம் குறித்தாலே பாதி வேலை முடியும்.

கரையில் கெனோபியும் பாயும் வாடகைக்கு விடும் பாக்சிக் ஒருவரிடம் இதைக் கேட்டேன். இருபது ஆண்டுக்கும் மேலாக அந்தத் தொழிலில் இருப்பவர். ஆமை ஏறி வந்து தன் நாற்காலி அடுக்கைச் சுற்றிக்கொண்டு திரும்பிப் போன தடத்தைக் காலையில் பார்த்திருப்பதாகச் சொன்னார். அன்று முதல் அடுக்கைச் சாலைப் பக்கம் வைத்துவிட்டுப் போகிறாராம்.

"ஏழரைக்கெல்லாம் கெனோபியைக் கழற்றிவிடுவீர்களா, பாக்சிக்?" என்று கேட்டேன்.

"நான் கழற்றினால் பக்கத்துக் கடைக்காரன் ஒன்பது மணி வரை கொடுப்பான், மகளே. வாடிக்கையாளர் அவனிடம் போவார்கள்" என்றார் மலாயில். "எல்லாருக்கும் ஒரே நேரம் என்று மன்றம் சொல்லட்டும். முதல் ஆளாக நான் கழற்றுகிறேன்."

அலோர் காஜா நகராண்மைக் கழகத்துக்கு எழுதும் கடிதத்தை நானும் என் வகுப்புத் தோழிகள் நால்வரும் இப்போது தயாரித்துக்கொண்டிருக்கிறோம். கேட்பது மூன்றே மூன்று: மார்ச் முதல் செப்டம்பர் வரை இரவு எட்டரைக்கு மேல் மணலில் கூடாரமோ நாற்காலியோ இருக்கக் கூடாது என்ற ஒரே விதி, வாடகைக் கடை, விடுதி, குடும்பம் என்ற பேதமில்லாமல், இரவு தங்குபவர்களுக்குப் புல்தரையில் கழிவறையோடு ஓர் இடம், கடலைப் பார்த்த விளக்குகளுக்கு மறைப்பு. பாக்சிக் தன் பெயரையும் சேர்க்கச் சொல்லியிருக்கிறார். பெரியம்மா கையெழுத்துப் போட்டுவிட்டார். "பகல்ல போடக் கூடாதுன்னு எங்கயும் எழுதலையே?" என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முறை படித்துப் பார்த்த பிறகுதான் போட்டார்.